இரண்டாவது கோடு

ஜெனிட்டா சிப்பிவிளைக்கு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஊர்ப் பெண்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ‘கோட்டு நர்ஸ்’. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் நூற்றிருபது வீடுகள் கொண்ட ஊர் அது. 2044ஆம் ஆண்டுப் பங்குனி. காலை ஒன்பது மணிக்கே வெயிலில் கண் கூசியது. அவள் தன் மின் ஸ்கூட்டரை எந்த வீட்டு முன்னால் நிறுத்தினாலும், “கோட்டு நர்ஸ் வந்தாச்சு, யாருக்குக் கோடு பாக்கணும்?” என்று ஒரு குரல் கேட்கும். பின்னாலேயே நாலு பேர் சிரிப்பார்கள்.

எல்லாம் அவள் கொண்டு வந்த பெட்டியால் வந்த பெயர். டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். விரல் நுனியிலிருந்து பத்துச் சொட்டு ரத்தம் கொடுத்தால், அந்தப் பெண் சுமந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு திரையில் விழும். எத்தனை வாரம் சுமந்தாளோ அத்தனை நீளம்.

சண்முகக்கனி விரலை நீட்டினாள். அறுபத்து நாலு வயது. நாற்பது வருடம் உப்பு வாரிய கை. ஊசி இறங்குவதற்கு இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது.

“எம் பிள்ளைகளுக்கெல்லாம் நாப்பது வயசு ஆகப்போவுது தாயி. இப்பப் போயி ரத்தத்துல என்ன தெரியும்?”

“தெரியும் பெரியம்மா. பிள்ள உள்ள இருக்கும்போது அதோட செல்லு கொஞ்சம் தாய் ரத்தத்துல கலந்துரும். பிள்ள வெளிய வந்த பிறகும் அது போகாது. தாய் சாகுற வரைக்கும் உடம்புல எங்கயாவது இருந்துக்கிட்டே இருக்கும்.”

“பாத்தியாம்மா, உன் ரத்தத்துல நான் ஓடுதேன்!” என்று உள்ளேயிருந்து மகள் சுபாஷினி கத்தினாள். கோவில்பட்டியில் பள்ளிக்கூட ஆசிரியை. சனிக்கிழமை ஆனால் அம்மாவைப் பார்க்க வந்துவிடுவாள். இந்தச் சனிக்கிழமை வந்ததிலிருந்து பெட்டியைச் சுற்றியே வளைய வந்துகொண்டிருந்தாள்.

“அது சரி,” என்றாள் கனி, பஞ்சால் விரலை அழுத்திக்கொண்டு. “இத எதுக்குப் பாக்காக?”

ஜெனிட்டா இதை இதுவரை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் குரல் தானாகத் தணிந்துவிடும். “பொறந்தா ஒரு பதிவு இருக்கு. செத்தா ஒரு பதிவு இருக்கு. செத்தே பொறக்குற பிள்ள பல ஊருல ரெண்டுலயும் சேராமப் போயிரும். உலகத்துல வருசத்துக்கு இப்படி எத்தன பிள்ளைங்க போகுதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. பதிவு இருக்குற நாட்டப் பாத்து, இல்லாத நாட்டுக்கு ஒரு மதிப்பு போடுவாங்க. இந்த வருசந்தான் முதல் தடவையா நேராவே கேக்குறோம். இங்க மட்டுமில்ல, நேபாளத்துல, மலாவியில, எல்லா எடத்துலயும்.”

“யாருட்ட கேக்கிய?”

“ரத்தத்துக்கிட்டதான். உயிரோட இருக்குற பிள்ளைங்களோட எச்சில வாங்கி ஒவ்வொரு கோட்டோடயும் பொருத்திப் பாப்போம். பொருந்தாத கோடு இருந்தா, அது போன பிள்ள. அது இருபத்தெட்டு வாரம் தாண்டியிருந்தா உலகக் கணக்குல சேரும்.”

கனி திரையை ஒருமுறை பார்த்தாள். அது இன்னும் வெறுமையாக இருந்தது.

மூத்தவன் செந்தூர்ராஜ் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். அவனுடைய எச்சில் மாதிரி துறைமுகத் தபாலில் வரவேண்டியிருந்தது. சுபாஷினி மட்டும் வாயைத் திறந்து நின்றாள். ஜெனிட்டா பஞ்சுக்குச்சியை அவள் உள்கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் லிங்கத்துரை உள்ளே வந்தார். கனியின் கணவர். எழுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். உப்பளத்தில் இப்போது வாருவதற்கு இயந்திரம் வந்துவிட்டதால், தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்வதோடு சரி.

மகள் வாயில் குச்சியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அது என்னத்துக்கு?”

“நான் அம்மாவோட எந்தக் கோடுன்னு பாக்கதுக்குப்பா,” என்றாள் சுபாஷினி, குச்சியோடு.

கனி காப்பித் தம்ளரை நீட்டினாள். அவர் வாங்கி, குடிக்காமல் ஜன்னலோரம் வைத்துவிட்டு, வந்த வழியே வெளியே போனார்.

செந்தூர்ராஜின் மாதிரி தபாலில் வந்து சேர்ந்ததும், திங்கட்கிழமை முடிவு வந்தது. ஜெனிட்டா அலுவலகத்தில் தன் மேசை முன்னால் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கோடுகள். முதலாவது முப்பத்தொன்பது வாரம், செந்தூர்ராஜோடு பொருந்தியது. இரண்டாவது முப்பத்தெட்டு வாரம். பொருந்தவில்லை. சுபாஷினியின் மாதிரி எந்தக் கோட்டிலும் சேரவில்லை. மீண்டும் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறையும் அதேதான்.

சென்னையில் இருக்கும் டாக்டர் நிலோஃபரை அழைத்தாள். மாநிலக் கணக்குக்கு அவர்தான் பொறுப்பு. அவர் முழுவதையும் கேட்டார்.

“வளர்ப்புப் பிள்ளைன்னு சொன்னாங்களா?”

“இல்ல மேடம். பிறப்புச் சான்றிதழ் இவங்க பேர்லயே இருக்கு. 2006. அந்தப் பொண்ணு, அம்மா ரத்தத்துல நான் இருக்கேன்னு வீடு முழுக்கக் குதிச்சிச்சு மேடம்.”

“சரி, மூணு வழி இருக்கு. பதிவோட இணைச்சு அனுப்பினா அந்தக் குழந்தை முழுசா ஒண்ணுன்னு கணக்குல ஏறும். ஆனா பதிவு முரண்பாடுன்னு பதிவாளர் ஆபீஸுக்குத் தானா ஒரு கடிதம் போயிரும். போன மாசம் வேற மாவட்டத்துல அப்படித்தான் ஆச்சு. ஐம்பது வயசு மனுஷன் என்கிட்ட போன் பண்ணி, அப்ப நான் யாரும்மான்னு கேட்டார்.”

“ரெண்டாவது?”

“மாதிரி கெட்டுப்போச்சுன்னு எழுதிரலாம். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்ல. ஆனா பூஜ்யம். அந்தக் குழந்தை பொறக்கவே இல்லங்குற மாதிரி.”

“மூணாவது மேடம்?”

“இணைப்பில்லாப் பதிவு. பேரு, சான்றிதழ் எதுவும் சேர்க்காம கோட்டை மட்டும் அனுப்புறது. சரிபார்க்க முடியாததால கணக்கு அதுக்கு அரை மதிப்புதான் கொடுக்கும்.” அவர் பெருமூச்சு விட்டார். “சட்டப்படி முடிவைச் சொல்ல வேண்டியது அந்த அம்மாகிட்ட மட்டும். நீ போய்ப் பாரு. களத்துல நிக்குறவ நீதான்.”

புதன்கிழமை காலை ஜெனிட்டா ஊருக்குள் திரும்பும் வரப்புப் பாதையில் லிங்கத்துரை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, வேட்டி ஓரமெல்லாம் உப்புத் தூசி. ஸ்கூட்டர் நின்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயோ, என்ன பெரியப்பா இது!”

“நர்ஸம்மா, பெட்டி என்ன சொல்லிச்சின்னு நான் கேக்க வரல. அது என்ன சொல்லியிருக்கும்னு எனக்குத் தெரியும். கெட்டுப்போச்சின்னு அவகிட்டச் சொல்லிருங்க. அது போதும்.”

அவராகவே சொன்னார். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. அவரும் நடுவிலிருந்துதான் ஆரம்பித்தார்.

“பத்து நாளா அங்க ஆஸ்பத்திரித் தொட்டில்ல கெடந்த பிள்ளம்மா அது. பெத்தவ சின்னப் பொண்ணு, விட்டுட்டுப் போயிட்டா. கனிக்கு வலிப்பு வந்து மூணு நாளு நெனவில்ல. எங்க பிள்ள மொத நாளே உசுரில்லாமத்தான் வந்துச்சி. இவளும் பொழைக்க மாட்டான்னுதான் சொன்னாக. மூணாம் நாளு கண்ணு லேசா அசைஞ்சிச்சி. இவ கண்ணு முழிக்கும்போது பக்கத்துல ஒரு பிள்ள அழுவணும்னு தோணிச்சி. வேற ஒண்ணுமே தோணல. ஆயாகிட்ட அழுதேன், டாக்டரம்மாகிட்ட அழுதேன். எங்க பிள்ளன்னு எழுதிக் குடுத்தாக. தப்புதான். ஆனா, சுபாவ நீங்க பாத்தியல்லா?”

“பாத்தேன்.”

“கனிக்கு இது தெரிஞ்சா தாங்க மாட்டா. முப்பத்தெட்டு வருசம் ஏமாத்திட்டியேன்னு ஒரு வார்த்த கேட்டா, நான் எங்க போயி நிப்பேன்?”

சட்டம் என்ன சொல்கிறது என்று ஜெனிட்டாவுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை அவள் மதிக்கவும் செய்தாள். ஒருத்தியின் ரத்தம் சொன்னதை அவளிடமே மறைப்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் எதிரில் நின்ற மனிதர் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. “பாக்குறேன் பெரியப்பா” என்றாள். ஸ்கூட்டர் வீட்டு வாசலை அடைவதற்குள், கெட்டுப்போச்சு என்றே சொல்லிவிடலாம் என்று முக்கால்வாசி தீர்மானித்திருந்தாள்.

கனி முறத்தில் கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“வந்துட்டா ரிசல்ட்டு?”

“பெரியம்மா, அது வந்து...”

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் கனியின் போன் அடித்தது. பள்ளிக்கூட இடைவேளையில் சுபாஷினி. திரையில் அவள் முகமும், பின்னால் ஓடும் பிள்ளைகளின் சத்தமும்.

“அம்மா, சிஸ்டர் வந்துட்டாங்களா? சிஸ்டர், காட்டுங்க, காட்டுங்க! அஞ்சு நிமிசந்தான் இருக்கு எனக்கு.”

ஜெனிட்டா பெட்டியை மூடவா திறக்கவா என்று தவித்தாள். கனி தானே கையை நீட்டித் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் கோடுகள் இரண்டும் இருந்தன. கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில், முதலாவதற்கு ‘பொருந்தியது’ என்றும் இரண்டாவதற்கு ‘பொருந்தவில்லை’ என்றும் இருந்தது. கனி எட்டாவது வரை படித்தவள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவசரப்படாமல் படித்தாள்.

“அம்மா, அதுல நான் எது?”

கனி பெருவிரலால் பொடி எழுத்தை மறைத்துக்கொண்டு பெட்டியை போனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“இந்தா, ரெண்டாவது. பாரு எம்புட்டு நீளம்னு. அப்பவே ஒனக்கு வாயி நீளம்.”

சுபாஷினி சிரித்தாள். திரையைப் படம் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகளிடம் காட்டப் போவதாகச் சொன்னாள். மணி அடித்தது, முகம் மறைந்தது.

கனி போனை வைத்துவிட்டுப் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

“கண்ணு முழிச்ச அன்னைக்கே தெரியும்.” கனி முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கை சும்மா இருந்தால் அவளுக்குப் பேச வராது போலும். “பிள்ளய எம் பக்கத்துல போட்டாக. துணிய வெலக்கிப் பாத்தேன். தொப்புள் காஞ்சு உதுந்து, ஆறியே போயிருந்துச்சி. மூணு நாளு பிள்ளைக்குத் தொப்புள் ஆறுமா? நான் ஏற்கனவே ஒண்ணு பெத்தவல்லா.”

“அப்ப ஏன் பெரியம்மா கேக்கல?”

“கேக்கத்தான் வாயத் தொறந்தேன். அவுக கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தாக. சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருந்தாக. அதே சட்ட, மூணு நாளா. பரிச்ச ரிசல்ட் ஒட்டுத பலகைக்கு முன்னால நிப்பாம்லா பள்ளிக்கூடத்துப் பிள்ள, அப்படி எம் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்காக. அதுக்குள்ள இந்தக் குட்டி மாரத் தேடிப் புடிச்சிட்டா. எனக்குப் பாலும் சொரந்துட்டு. அதுக்குமேல என்னத்தக் கேக்க?”

ஜெனிட்டா வரப்பில் நின்ற மனிதரை நினைத்தாள். அவர் சொன்னதைச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. “அப்புறம் எதுக்கு இந்தச் சோதனைக்கு ஒத்துக்கிட்டீங்க? தெரிஞ்சிருந்தா நான் பாதிலயே விட்டிருப்பேனே.”

“நீதான சொன்ன, செத்துப் பொறந்தது ரெண்டு பதிவுலயும் சேராதுன்னு. முப்பத்தெட்டு வருசமா அது என் ஒருத்தி மனசுல மட்டுந்தான் கெடக்கு. ஒரு எடத்துலயாவது ஏறட்டும்னு பாத்தேன். சுபாவுக்கு இதனால ஒண்ணும் வந்திராதுல்லா?”

ஜெனிட்டா மூன்று வழிகளையும் எதையும் மறைக்காமல் சொன்னாள். முழுசாக ஏறினால் சான்றிதழுக்குக் கடிதம் போகும். கெட்டுப்போச்சு என்றால் ஒன்றுமில்லை. இணைப்பில்லாமல் அனுப்பினால் அரை.

“அரையா?” கனி சட்டென்று நிமிர்ந்தாள். “பத்து மாசம் சொமந்த பிள்ளைக்கு அரையா?”

“கணக்கு அப்படித்தான் பெரியம்மா. எனக்கும் பிடிக்கல.”

கனி முறத்தில் கிடந்த கருவாட்டுத் தலைகளை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். பிறகு மறுபடி நடுவுக்குக் கொண்டு வந்தாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. கடைசியில் தலையை ஆட்டினாள்.

“சரி, அரையே போடு. உலகத்துக்கு அரை போதும். மத்த அரை சுபாவோடது. இப்பதான அவளுக்குக் குடுத்தேன்.”

ஜெனிட்டா திரையில் ‘இணைப்பில்லாப் பதிவு’ என்ற கட்டத்தைத் தொட்டாள். பெயர் மறைந்தது, ஊர் மறைந்தது, சான்றிதழ் எண் மறைந்தது. முப்பத்தெட்டு வாரக் கோடு மட்டும் சிறிது நேரம் நின்று, பிறகு அனுப்பப்பட்டது என்று பச்சையாக மினுங்கியது. அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. கனி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டா?”

“போயிருச்சு.”

“ஒண்ணு கேக்கேன். அது ஆணா பொண்ணான்னு ஒம் பெட்டிக்குத் தெரியுமா?”

“தெரியலாம். ஆனா காட்டாது. சட்டமே அப்படித்தான் பெரியம்மா. உள்ள போயித் தேட என்னாலயும் முடியாது.”

“அதுவும் காட்டாதுன்னா...” கனி முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். முழங்காலில் கையூன்றிச் சற்று நின்றாள். “அப்ப அவுகளத்தான் கேக்கணும்.”

“இப்பவா?”

“இன்னும் எப்பம்? எனக்கே அறுவத்து நாலாவுது. இருபத்தாறு வயசுல கேக்காம விட்டது. இதுக்கு மேலயும் தள்ளிப்போட்டா அவுக மறந்து போயிருவாக, இல்ல நான் போயிருவேன்.”

சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு அவள் வெயிலில் இறங்கினாள். ஜெனிட்டா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பாத்திகளில் தேங்கியிருந்த நீர் வானத்தை அப்படியே காட்டியது. தூரத்தில் இயந்திரம் உப்பை வாரிக் கொண்டிருந்தது. அப்பால் இருந்த வரப்பு முனையில் நாலு கம்பு நட்டு ஓலை போட்ட ஒரு கொட்டகை. அதன் நிழலில் லிங்கத்துரை உட்கார்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார்.

ஜெனிட்டா பத்தடி தள்ளி நின்றுகொண்டாள். ஆனாலும் வெட்டவெளியில் பேச்சு கேட்டது.

“பெட்டி கெட்டுப்போச்சாமா?” என்று கேட்டார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“கெடல. நல்லாத்தான் இருக்கு.” கனி நிழலுக்குள் போய், எப்போதும் உட்காரும் இடம் போலத் தயங்காமல் தரையில் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியும்ங்க. அன்னைக்கே தெரியும். நிக்காதிய, உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. “எது தெரியும்?”

“எல்லாந்தான். தொப்புளு ஆறிக் கெடந்துச்சே.”

லிங்கத்துரையின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. “அப்ப முப்பத்தெட்டு வருசமா... தூக்கத்துல ஒளறிருவேனோன்னு நான் குப்புறப் படுத்தேனேட்டி! கழுத்து வலி அப்படித்தான வந்துச்சி!”

“எனக்கு என்ன தெரியும், நீங்க அதுக்குத்தான் குப்புறப் படுத்தியன்னு?” என்று சொன்ன கனி சிரித்தேவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கவில்லை. “கோவமில்ல எனக்கு. ஒரு நாளுகூட இல்ல. எங்க வச்சிருக்கிய, அத மட்டும் சொல்லுங்க.”

அவர் கையை மட்டும் நீட்டினார். அந்த விரல் கனி உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டியது.

கனி தரையைப் பார்த்தாள். மெல்ல எழப் பார்த்தாள்.

“எந்திரிக்காத. அதுக்கு நேர் மேல இல்ல, அந்தக் கம்புக்கு அந்தப் பக்கம்.” அவர் குரல் கரகரத்தது. “நீ வேலைக்குத் திரும்பி வந்த அன்னைக்குத்தான் இந்தக் கொட்டகையப் போட்டேன். மத்தியானச் சோத்துக்கு எல்லாரும் அந்தால மோட்டார் ரூம் நெழலுக்குப் போவாக. நான்தான் இங்க காத்து வருதுன்னு ஒன்ன...”

“இங்க ஒரு காத்தும் வராது,” என்றாள் கனி. “எனக்குத் தெரியும். நீங்க சொல்லுதியளேன்னுதான் உக்காந்தேன்.”

அவள் கையை நீட்டிக் கம்புக்கு அந்தப் பக்கத்து மண்ணைத் தொட்டாள். உப்புப் பூத்த வெள்ளை மண். எத்தனையோ மத்தியானங்கள் அவள் அங்கே சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். உள்ளங்கையை அதன்மேல் பரப்பி வைத்தாள்.

“ஆணா, பொண்ணா?”

லிங்கத்துரை ஒருவழியாக அவள் அருகே அமர்ந்தார். “பொண்ணு.”

“எப்படி இருந்துச்சி?”

“ஒம் மூக்கு. தல நெறைய முடி, இந்தா, காது வரைக்கும். எடது கையில ஆறாவது வெரலு மாதிரி ஒரு சின்ன மரு. நகமெல்லாம் நல்லா வளந்திருந்துச்சி. அந்த ஆயா குளிப்பாட்டி, மஞ்சத்துணி சுத்திக் குடுத்தா. பஸ்ஸுல மடியில வச்சித்தான் கொண்டாந்தேன். பக்கத்துல இருந்த பொம்பள, பிள்ள நல்லாத் தூங்குதேன்னு சொன்னா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“ஆமான்னேன்.”

கனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் சொல்லுங்க,” என்றாள்.

ஜெனிட்டா ஸ்கூட்டரைத் திருப்பினாள். மோட்டாரைப் போடாமல் வரப்பு முடியும்வரை தள்ளிக்கொண்டே போனாள். பின்னால் அந்தக் கிழவரின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.